ஒரு பொட்டலம் காபித்தூள்... என்ன விலை?

அரைக் கிலோ காபித்தூள் 2,600 ரூபாய்க்கு வித்துப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்தேன். ஏர்போர்ட்டிலோ, ஏ.சி. காபி ஷாப்பிலோ இல்லை பாஸ்... ஸ்ரீவில்லிபுத்தூர்ல, ஒரு சர்ச் வளாகத்துல, வேப்ப மரத்தடியில! அந்தக் காபியை விளைவிச்சவரோட பையன் என் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தான். சந்தோஷப்படறதா, வருத்தப்படறதான்னு தெரியாம அவன் முழிச்ச முழி இருக்கே... அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஆளை அறிமுகப்படுத்திடறேன். என் ரூம்மேட். ஹாஸ்டல்ல யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை. ஊர்ப் பேரே பட்டப் பேர்... 'தாண்டிக்குடி'! திண்டுக்கல் மாவட்டத்துல, கீழ்ப்பழனி மலையில இருக்கிற ஊர். மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, பெரிய பெரிய நிழல் மரங்கள், அதுக்கு அடியில காபிச் செடிகள். காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையமே அங்கே இருக்கு. இவங்க அப்பாவுக்கு அங்கே மூணு ஏக்கர்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இவனோட அத்தை வீடு. அவங்க போற சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அண்ணன் தோட்டத்துக் காபியைக் காணிக்கையா வைக்கணும்னு அத்தைக்கு ஆசை. "டேய், வர்றியா? பால்கோவா ஃப்ரீ!"ன்னான். இன்ஜினீயரிங் பையன்கிட்ட 'ஃப்ரீ'ன்னு சொன்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். கிளம்பிட்டேன்.

சனிக்கிழமை: ராஜபாளையம்

மதுரையில பஸ் ஏறினா திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர். சுமார் 75 கிலோமீட்டர். அங்கேர்ந்து இன்னும் ஒரு 12 கிலோமீட்டர் போனா ராஜபாளையம். ஜன்னல் சீட் வேணும்னா வலது பக்கம் பிடிங்க. மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே ஓடி வரும். அந்த மலையில சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் இருக்கு. 2021-ல் அதையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிட்டாங்க.

நாங்க முதல்ல ராஜபாளையத்துலதான் இறங்கினோம். மாமாவுக்கு ஒரு கதர்த் துண்டு வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தாங்க அத்தை. ராஜபாளையம்னா உங்களுக்கு நாய் ஞாபகம் வரும். எங்களுக்கு அன்னிக்கு ஒரு வெள்ளை நாய்கூடக் கண்ணுல படலை. பட்டது எல்லாம் நூல்தான். 1930-களில் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ஆரம்பிச்ச மில்லுல தொடங்கி, ஊர் முழுக்க நூற்பாலைகள். பக்கத்துல சத்திரப்பட்டி பக்கம் போனா மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யற தறிச் சத்தம்.

இவ்வளவு மில் இருக்கிற ஊர்ல கையால நூத்த கதருக்கும் ஒரு கதை இருக்கு. 1927-ல் கதர் நிதிக்காகத் தமிழ்நாட்டைச் சுத்தின காந்தி ராஜபாளையத்துக்கும் வந்திருக்கார். இந்த ஊர்க்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா, 1949-லேர்ந்து 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சரா இருந்தவர். முதலமைச்சரா இருந்த மனுஷன் தன்னோட வீட்டையே கொடுத்துட்டார். அதுதான் ராஜபாளையத்துல இருக்கிற காந்தி கலை மன்றம்.

கதர்க் கடையில துண்டோட விலையைப் பார்த்ததும் நம்ம தாண்டிக்குடி, "மச்சி, மில் துண்டு பாதி விலைக்குக் கிடைக்குமேடா"ன்னான். கடைக்காரப் பெரியவர் கோபப்படலை. "மில்லுல மிஷின் சாப்பிடும் தம்பி, இதுல மனுஷன் சாப்பிடணும்ல"ன்னு சொல்லிட்டு பில் போட்டார்.

அந்த ஒரு வரி என்னை விடலை. காலேஜ் லைப்ரரியில தேடினப்போ கிடைச்ச விஷயம் இது. 1925-ல் தொடங்கின அகில இந்திய சர்க்கா சங்கம், பத்து வருஷம் கழிச்சு ஒரு பெரிய முடிவு எடுத்துச்சு. அதுவரைக்கும் நூல் நூக்கிற பெண்களுக்குக் கிடைச்சது ரொம்ப சொற்பக் கூலி. அது அநியாயம், ஒரு ஆள் வாழ்றதுக்குப் போதுமான குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆகணும்னு 1935-ல் காந்தி பிடிவாதம் பிடிச்சார். கூலி ஏறினா கதர் விலை ஏறும், விலை ஏறினா விற்பனை படுத்துடும்னு சங்கத்துக்குள்ளேயே பயம். இருந்தாலும் தீர்மானம் வந்துச்சு. வாங்கறவன்தான் அந்த வித்தியாசத்தைத் தாங்கணும், அது அவனோட தர்மம்... இதுதான் காந்தியோட லாஜிக்.

'ஃபேர் டிரேட்'னு இன்னிக்கு உலகம் பூரா பேசறாங்களே, 'நியாய வணிகம்'... அந்த வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ல ஒரு துண்டுல அது இருந்திருக்கு. துண்டை வாங்கிட்டு அடுத்த பஸ்ல ஸ்ரீவில்லிபுத்தூர்.

ஞாயிற்றுக்கிழமை: ஏலம்!

அறுப்பின் பண்டிகையை நீங்க பார்த்ததில்லைன்னா ஒரு தடவை அவசியம் பாருங்க. தென்மாவட்ட சர்ச்சுகள்ல இது ஒரு திருவிழா. முதல் விளைச்சல் ஆண்டவனுக்கு. பூசணிக்காய், கரும்பு, தேங்காய், நெல், முட்டை, முறுக்கு, காலைக் கட்டின சேவல்னு எல்லாம் வரிசையா வந்து உட்காரும். நிலம் இல்லாதவங்க வீட்டுல செஞ்ச அதிரசத்தைக் கொண்டு வருவாங்க.

அன்னிக்கு ஐயர் பேசினது யாக்கோபு நிருபத்துலேர்ந்து. (குழம்பாதீங்க, தெக்கத்தி சி.எஸ்.ஐ. சபைகள்ல பாதிரியாரை 'ஐயர்'னுதான் கூப்பிடுவாங்க!) வயலை அறுத்தவனோட கூலியைப் பிடிச்சு வெச்ச பணக்காரங்களை யாக்கோபு காய்ச்சி எடுக்கிற பகுதி. நான் வேற மதம். ஆனா, அந்தப் பேச்சு எனக்குப் புரிஞ்சுது. கூலி பாக்கிக்கு மதம் ஏது?

ஆராதனை முடிஞ்சதும் மரத்தடியில ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் 300 ரூபாய். ஒரு சேவல் 1,800. ஏலம் எடுத்தவரே அதைத் திரும்பக் காணிக்கையா வைக்க, மறுபடியும் ஏலம். "ஒரு தரம்... ரெண்டு தரம்..."னு கத்தினவரோட குரலுக்கே தனியா டிக்கெட் போடலாம். யாரும் சந்தை விலையைப் பார்க்கலை. பார்த்தாதான் அவமானம்!

அடுத்து நம்ம காபி. "தாண்டிக்குடி மலைக் காபி, அரைக் கிலோ! நூறு ரூபாய்!"னு ஆரம்பிச்சது. ஐந்நூறு... ஆயிரம்... துபாய்லேர்ந்து லீவுக்கு வந்திருந்த அண்ணன் ஒருத்தருக்கும், ரிட்டயர்டு ஹெச்.எம். ஒருத்தருக்கும் போட்டி. 2,600-ல ஹெச்.எம். தூக்கிட்டார். கை தட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆச்சு.

அத்தை முகத்துல அவ்வளவு பெருமை. தாண்டிக்குடி மட்டும் என் காதுல மெதுவா சொன்னான். "எங்கப்பா மூணு வருஷம் செடிய வளர்த்து, பழம் பறிச்சு, தோல் உரிச்சு, காய வெச்சு வியாபாரிகிட்ட கொண்டு போனா, 'ஈரம் இருக்கு, கறுப்பு இருக்கு'ன்னு கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைப்பாங்கடா. ஒரு தடவகூட எங்கப்பா எதிர்த்துப் பேசினதில்ல."

2,600 ரூபாய் சர்ச்சுக்குப் போயிடுச்சு. அது தப்பே இல்லை, அது காணிக்கை. ஆனா, மலை மேல இருக்கிற மனுஷனுக்கு அந்தக் கைதட்டல்கூடக் கேட்கலையே?

"கிலோ என்ன விலை தம்பி?"

ஏலம் முடிஞ்சு டம்ளர்ல காபி வந்துச்சு. பெண்கள் ஐக்கிய சங்கத்து ஆன்ட்டி ஒருத்தங்க தாண்டிக்குடிகிட்ட வந்தாங்க. "தம்பி, ஞாயித்துக்கிழமை காபிக்கு மாசம் நாலு கிலோ தூள் கடையில வாங்குறோம். அதை உங்கப்பாகிட்டயே வாங்கிக்கலாமான்னு பாக்கறேன். கிலோ என்ன விலைன்னு சொல்லு."

இவன் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறான். "வியாபாரி போடறதுதான் ஆன்ட்டி விலை..."

"அது அவரு போடற விலை. உங்கப்பா சொல்ற விலை என்ன?"

உடனே அப்பாவுக்கு போன். ஸ்பீக்கர்ல போட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சர்ச்சுக்குப் போய் என்னப்பா விலை பேசறது? அவங்களே பார்த்து ஏதாவது போட்டுக் குடுக்கட்டும்."

ஆன்ட்டி போனை வாங்கிட்டாங்க. "அண்ணே, காணிக்கையா கேக்கல, விலைக்குக் கேக்குறோம். காணிக்கை வேற, விலை வேற. உங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையைச் சொல்லுங்க."

மறுபடியும் அமைதி. "ராத்திரி சொல்றேன்ம்மா."

நண்பர்களே, அம்பது வயசுக்கு மேல ஆன ஒரு விவசாயிகிட்ட 'உன் பொருளுக்கு என்ன விலை?'ன்னு யாரோ கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலதான் அவருக்குப் பதில் தெரியலை.

சர்க்கரையில் ஆரம்பிச்ச கதை

"இது நம்ம ஆன்ட்டியோட கண்டுபிடிப்பு இல்ல தம்பி, இருநூறு வருஷத்துக்கு மேல பழசு"ன்னு சிரிச்சார் ஐயர். அவர் சொன்னதையும் நான் அப்புறம் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

1791-ல் இங்கிலாந்துப் பார்லிமென்ட், அடிமை வியாபாரத்தை ஒழிக்கிற மசோதாவைத் தோற்கடிச்சுடுச்சு. பார்லிமென்ட் கைவிட்டா என்ன, நம்ம டீ டம்ளர் நம்ம கையில இருக்கேன்னு க்வேக்கர்கள் மாதிரி சபைக்காரங்களும் லட்சக்கணக்கான சாதாரண ஜனங்களும் மேற்கிந்தியத் தீவு சர்க்கரையை நிறுத்திட்டாங்க. அது அடிமைகள் விளைவிச்ச சர்க்கரை. அதுக்குப் பதிலா சில பேர் வாங்கினது எதை தெரியுமா? இந்தியச் சர்க்கரையை! 1820-கள்ல 'இது அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை'ன்னு எழுதின கிண்ணங்களே வித்திருக்காங்க. அதனால நம்ம ஊர்க் கரும்பு விவசாயிக்கு நல்ல விலை கிடைச்சுதான்னு கேட்டா, அது வேற கதை. அவன்கிட்டயும் யாரும் 'என்ன விலை?'ன்னு கேட்கலை.

காபிக்கு அந்தக் கேள்வி வந்தது மெக்ஸிகோவில். ஃப்ரான்ஸ் வான் டெர் ஹாஃப்னு ஒரு டச்சுப் பாதிரியார், ஒஹாகா மலைப் பகுதியில் பழங்குடிக் காபி விவசாயிகளோட வாழ்ந்தவர். அவங்க சேர்ந்து 'உசிரி'ன்னு ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. அவங்க கேட்டது உதவித்தொகை இல்லை, உழைப்புக்குச் சரியான விலை. அவரும், சாலிடரிடாட் அமைப்போட நிக்கோ ரூசனும் சேர்ந்து 1988-ல் நெதர்லாந்துல உலகத்தோட முதல் நியாய வணிக முத்திரையை அறிமுகப்படுத்தினாங்க. அதுக்குப் பேர் 'மாக்ஸ் ஹாவலார்'. ஜாவா காபி விவசாயிகளை டச்சு ஆட்சி கசக்கிப் பிழிஞ்சதைச் சொன்ன 1860-ம் வருஷ நாவலோட பேர் அது.

அப்புறம் சர்ச்சுகள் வேகம் பிடிச்சுது. 1996-ல் அமெரிக்காவுல 'ஈக்வல் எக்ஸ்சேஞ்ச்'ங்கிற கூட்டுறவும், லுத்தரன் உலக நிவாரண அமைப்பும் கைகோர்த்து, ஆராதனைக்குப் பின்னாடி கொடுக்கிற காபியை நியாய வணிகக் காபியா மாத்தற திட்டத்தைத் தொடங்கினாங்க. பிரிட்டன்ல 'ஃபேர் டிரேட் சர்ச்'சுன்னு பேர் வாங்க முதல் கண்டிஷனே, ஆராதனைக்கு அப்புறம் ஊத்தற டீ, காபி அந்த முத்திரையோட இருக்கணும்ங்கறதுதான். ஜெபம் முடிஞ்சு கையில வர்ற டம்ளரும் ஜெபத்தோட ஒரு பகுதின்னு அவங்க நினைச்சாங்க.

குடை மாதிரி ஒரு விலை

இது எப்படி வேலை செய்யுதுன்னு நம்ம பாஷையில சொல்றேன். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் தெரியும்ல? அதே கான்செப்ட்தான். உலகச் சந்தை விலை எவ்வளவு கீழே போனாலும், ஒரு அளவுக்குக் கீழே விவசாயிக்கு இறங்காது. சந்தை மேலே போனா, சந்தை விலையே கிடைக்கும். அது போக ஒரு கூடுதல் தொகை, விவசாயிகள் சங்கத்தோட பொதுக் கணக்குக்கு.

2001-ல் உலகச் சந்தையில் காபி விலை ஒரு பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்துச்சு. அப்போ நியாய வணிகச் சங்கங்களுக்கு கிடைச்சது 1 டாலர் 26 சென்ட். தாண்டிக்குடி பொறக்கறதுக்கு முன்னாடி நடந்த விஷயம். ஆனா, அவங்க வீட்டுல இன்னும் பேசுவாங்க. பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாதுன்னு அவங்க அப்பா பழத்தைச் செடியிலேயே விட்டுட்டாராம். 1990-கள் வரைக்கும் காபி வாரியமே மொத்தமா வாங்கி வித்துக் கொடுத்துச்சு. அது போனதுக்கு அப்புறம் வந்த முதல் பெரிய அடி அது.

"இப்போ விலை சூப்பரா இருக்கேடா?"ன்னு கேட்டேன். உண்மைதான். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி ரெக்கார்டு. 2023 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்த நியாய வணிகக் குறைந்தபட்ச விலை 1 டாலர் 80 சென்ட்தான். அப்போ அது எதுக்கு? "வெயில் அடிக்குதுன்னு குடையைத் தூக்கிப் போடுவியா?"ன்னான் தாண்டிக்குடி. போன வருஷம் தண்டுத் துளைப்பான் புழு அவங்க தோட்டத்துல பாதிச் செடியைக் காலி பண்ணிடுச்சாம். விலை இருந்தா விளைச்சல் இல்லை, விளைச்சல் இருந்தா விலை இல்லை.

குறையையும் சொல்லிடறேன். மூணு ஏக்கர்காரர் தனியாளா அந்த முத்திரையை வாங்க முடியாது. சங்கம் வேணும், கணக்கு வேணும், தணிக்கைக்குப் பணம் வேணும். இந்தியாவுல காபி விவசாயிகள்ல கிட்டத்தட்ட 98 சதவிகிதம் பேர் சின்ன விவசாயிகள்தான். அப்புறம், தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைச்சாலும் குனிஞ்சு நிமிர்ந்து பழம் பறிக்கிற அக்காக்களுக்கு அது தானா போய்ச் சேர்ந்துடாது. அதையும் கேட்கணும்.

சரி, நமக்கு எவ்வளவு செலவு? ஒரு கப் ஃபில்டர் காபிக்குச் சுமார் 10 கிராம் தூள். கிலோவுக்கு 100 கப். அப்போ கிலோவுக்கு 100 ரூபாய் கூடுதலாக் கொடுத்தா, கப்புக்கு ஒரு ரூபாய். ஒரே ஒரு ரூபாய்! எலுமிச்சம்பழத்துக்கு 300 ரூபாய் கொடுக்கிற சபைக்கு இது ஒரு விஷயமா?

பால்கோவாவும் ஒரு டம்ளர் காபியும்

சாயங்காலம் ஆண்டாள் கோயில். பதினோரு நிலை ராஜகோபுரம், தமிழக அரசு முத்திரையில இருக்கிறது இதுதான்னு ஊரே சொல்லும். பெரியாழ்வார் நந்தவனம் வெச்சுப் பூ கட்டின ஊர். இன்னமும் இங்கேர்ந்து ஆண்டாள் மாலை திருப்பதிக்குப் போகுது. சாமிக்குன்னு வந்துட்டா இங்கே யாரும் பூவுக்குக் கணக்கு பார்க்கறதில்லை. எந்த மதமா இருந்தா என்ன... அந்த விஷயத்துல நாம எல்லாம் ஒரே கட்சி!

வெளியே வந்தா பால்கோவாக் கடைகள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா. பாலும் சர்க்கரையும் மட்டும்தான், மீதியெல்லாம் அடுப்பும் பொறுமையும். ஊர்ல பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் இருக்கு, அவங்க பால்கோவாவும் ஃபேமஸ். சங்கத்துல பால் ஊத்தறவங்களுக்குக் கொழுப்புச் சத்தை அளந்து விலை. அந்த விலை போதலைன்னு பால்காரங்க ரோட்டுல இறங்கிப் போராடறதும் நடக்குது. ஆனா, போய்த் தட்டறதுக்கு அவங்களுக்கு ஒரு கதவாவது இருக்கு.

பால்கோவாவோட ஒரு காபியும் சொன்னோம். டம்ளரைப் பார்த்துக்கிட்டே தாண்டிக்குடி சொன்னான். "இதுல இருக்கிற பாலுக்கு சங்கம் இருக்குடா மச்சி. டிகாக்‌ஷனுக்குத்தான் எங்கப்பாவைத் தவிர யாருமில்ல."

அன்னிக்கு பால்கோவாவுக்கு நான்தான் காசு கொடுத்தேன். ஃப்ரீன்னு சொன்னவன்கிட்ட ஞாபகப்படுத்த மனசு வரலை.

ராத்திரி வந்த கணக்கு

சொன்ன மாதிரி ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாகிட்டேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. பள்ளிக்கூட நோட்டுல கிழிச்ச பக்கம். பறிக்கிற கூலி, தோல் உரிக்கிற செலவு, களத்துல காய வெக்கிற ஆள் கூலி, பட்டிவீரன்பட்டிக்கு வண்டி வாடகை, வறுத்து அரைக்கிற கூலின்னு வரிசையா எழுதியிருந்தார். வறுத்தா எடை ஆறுல ஒரு பங்கு போயிடும்னு அதையும் கழிச்சிருந்தார். நாங்க ரெண்டு பேரும் செமஸ்டர்ல இவ்வளவு சுத்தமா ஒரு கணக்கு போட்டதில்லை!

கடைசி வரி: 'என் கூலி'. அதுக்கு நேரா ஒரு தொகையை எழுதி, அடிச்சிருந்தார். பக்கத்துல அதைவிடக் கம்மியா வேற ஒரு தொகை.

தாண்டிக்குடி ரொம்ப நேரம் அந்த அடிச்ச எண்ணையே பார்த்துட்டு இருந்தான். அப்புறம் அப்படியே ஆன்ட்டிக்கு அனுப்பிட்டான்.

காலையில பதில் வந்துச்சு. "கமிட்டியில வெச்சுப் பேசணும் தம்பி, முடிவு ஐயர் சொல்வாங்க. ஆனா, நான் அடிச்ச தொகையைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

இதை எழுதற வரைக்கும் கமிட்டி கூடலை. கூடினதும் சொல்றேன். நீங்க அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க. உங்க கிளாஸ்லயும் ஒரு தாண்டிக்குடி இருப்பான். தக்காளி போடற வீட்டுப் பையனா இருக்கலாம், தறி ஓட்டற வீட்டுப் பொண்ணா இருக்கலாம். கேன்டீன்ல காபி குடிக்கும்போது அவங்ககிட்ட சும்மா கேட்டுப் பாருங்க.

"உங்கப்பா சொல்ற விலை என்ன?"